ஒரே கணத்தில் இரு விரல்

வருகைப் பதிவில் அன்றும் வைதேஹி இருமுறை இருந்தாள். முந்தைய நாள் அழித்த இரட்டைப் பதிவு மீண்டும் முளைத்திருந்தது.

தலைநகரின் கரோல் பாக் பகுதிப் பனிப்புகை சன்னல்களை மூடியிருந்தது. சனிக்கிழமையாதலால் அலுவலகத்தில் வேறெவருமில்லை. காலையில் கண்ணாடிக் கதவருகே நின்றபோது அவளது மூச்சு அதில் வெண்திரையாய்ப் படர்ந்து கரைந்திருந்தது.

பிழையின் வேரை அவள் அறிவாள். கதவின் உள்ளும் புறமும் ஒவ்வொரு விரல்ரேகைப் பொறி. விரல் பட்டதும், அவள் எழுதிய நிரல் ஓ.ஆர்.எம். என்னும் இடைமென்பொருள் வழியே தரவுத்தளத்தை வினவும்: இவர் இன்று பதிவானாரா? இல்லையெனில் புதுப்பதிவு இட்டுக் கதவைத் திறக்கும். இரு விரல்கள் ஒரே கணத்தில் பட்டால் இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே விடை வரும், பதிவு இரண்டாகும்.

ஒன்று வெளிப்பொறியில் பதிந்திருந்தது. மற்றது, அதே கணத்தில், உட்பொறியில். இரண்டும் அவள் ரேகையே.

மின்கலப் பெட்டியின் முனகலும், ஆறிப்போன தேநீரின் துவர்நெடியும், எங்கோ ஒரு நாற்காலி தானே திரும்புவதுபோன்ற மெல்லிய கிறீச்சொலியும் அந்த நீண்ட கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்தன.

முனிர்காவில் தம் வீட்டிலிருந்த சக ஊழியர் காத்தவராயனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“ரெண்டு பேரா இருந்தா ரெண்டு சம்பளம் கேளும்மா,” என்று சிரித்தார். “மெஷின் கோளாறா இருக்கும். ஜல்தி வீட்டுக்குக் கிளம்பு.”

“போக மாட்டேன் அண்ணா. இங்க ஒருத்திக்குத்தான் இடம். அது நான்.”

நிரலை நம்பாது, தரவுத்தளத்தின் அட்டவணையிலேயே விதியை நாட்டினாள்: ஒருவருக்கு ஒருநாளில் ஒரே பதிவு. இனி, இருவர் ஒருங்கே தொட்டாலும் ஒருவரே ஏற்கப்படுவர், மற்றவர் மறுக்கப்படுவர். அன்றைய பதிவுகள் இரண்டையும் அழித்தாள். இளமையில் மனனம் செய்த பதிகத்தை உரக்கச் சொல்லியபடி, கதவுப் பொத்தானை அழுத்தி, புதிதாய்ப் பதிய வெளியேறினாள். கதவு பின்னால் பூட்டிக்கொண்டது.

தாழ்வாரத்தில் வாடைக்காற்று அறைந்தது. நிமிர்ந்து நின்றாள். விரலை வைத்தாள்.

சிவப்பு விளக்கு.

பொறியின் சிறுதிரையில் எழுத்துகள்: ‘வைதேஹி ஏற்கெனவே பதிவாகியுள்ளார்.’

விரலை எடுக்கவில்லை. மீண்டும் அழுத்தினாள். சிவப்பு. பதிகம் நிற்கவில்லை. நெற்றியைக் கதவோடு சேர்த்தாள்.

“நான்தான் வைதேஹி. திற.”

உள்ளே இருள். அசைவில்லை.

மூச்சிரைக்கக் கண்ணாடியில் ஊதினாள். அது தெளிவாகவே இருந்தது. மறுபடி ஊதினாள். தெளிவு.

அவள் வாய்க்கு நேரெதிரே, கதவின் உட்புறத்தில், வெண்திரை மெல்லப் படர்ந்தது. கரைந்தது. மீண்டும் படர்ந்தது.

அவள் விரலை எடுக்கவில்லை.