பாய்லருக்கு ஒரு யோக்கியன் தேவை

வீ...ல்!

அந்த அலறலில் ஹாலிஃபாக்ஸ் நகரத்தின் அந்தச் சின்ன வீடே ஒரு குலுங்கு குலுங்கியது.

கிளிஃபர்ட் ஸ்டெயின்தோர்ப் கையில் பாதி தின்ற ரொட்டியோடு மாடிப்படிகளில் தாவி ஏறினான். குளியலறைக் கதவைத் தோளால் இடித்தான். திறந்தது!

உள்ளே அவன் மனைவி பெரில். தலை முழுக்க ஷாம்பு நுரை. உதடெல்லாம் நீலம்!

"செத்துடுச்சுய்யா... செத்துடுச்சு!"

"யாரு?"

"பாய்லர்! வெந்நீர் வந்துக்கிட்டே இருந்துச்சு... பட்டுனு ஐஸ் தண்ணி! முதுகெலும்பு வரைக்கும் இறங்கிடுச்சு!"

ஜனவரி மாதம். வெளியே மைனஸ் ஆறு டிகிரி. பாய்லர் நின்றதால் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரும் நின்றிருந்தது; தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது.

சாதாரணக் குடும்பத்துக்கே இது பெரிய ரோதனை. இவர்களுக்கோ இரட்டை ரோதனை.

ஏனென்றால்... அது இவர்கள் வீடே அல்ல!

வீட்டுக்காரி ஹிலாரி, குடும்பத்தோடு டெனரிஃப் தீவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். ஹாரோகேட் நகைக்கடையில் அள்ளிய மரகதங்களோடு, ஐந்து நாட்களுக்கு முன் இவர்கள் பின்கதவை நெம்பிக் குடியேறிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஒருவன் வந்து கற்களை வாங்கிக்கொள்வான். அதுவரை இங்கேதான் பதுங்க வேண்டும்.

இன்று செவ்வாய்!

வெளியே போனால் போலீஸ். உள்ளே இருந்தால் குளிர். பெரிலுக்கோ ஆஸ்துமா!

"யோவ், யாரையாவது கூப்பிடுய்யா. இப்படியே விட்டா வெள்ளிக்கிழமை நீ மரகதம் விக்க மாட்டே. எனக்கு மலர்வளையம் வாங்கிக்கிட்டிருப்பே!"

"கூப்பிடுறேன். ஆனா நம்பிக்கையான ஆளாப் பாத்துத்தான்."

"திருட்டுத்தனமாக் குடியிருக்கிற வீட்டுல உனக்கு நம்பிக்கையான ஆளு ஒரு கேடா?"

"பெரில்! கேஸ் பாய்லர் விஷயத்துல விளையாடாதே. என் தம்பி எர்னி எப்படிப் போனான்? ஒரு அரைகுறை ஆசாமி மாட்டின பாய்லர்தானே? அந்த விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்கினவன் எழுந்திரிக்கவே இல்லை..."

கிளிஃபர்ட் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். எர்னியை நினைத்தால் அவனுக்கு இன்னும் அழுகை வந்தது.

பெரில் தலை நுரையைத் துண்டால் வழித்தாள். 

"சரி சரி. சீக்கிரம் பாருய்யா. மூச்சு இழுக்குது."

கதவு இடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போன விளம்பரத் துண்டு ஒன்று கிடந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் பெரிலே போன் போட்டாள்.

அரை மணியில் வந்தான் க்ரெய்க். பெயரே எழுதாத வெள்ளை வேன். பூட்ஸைக்கூடத் துடைக்காமல் சமையலறைக்குள் நுழைந்தான். பாய்லரைப் பார்த்தான். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினான்.

"ஸ்ஸ்ஸ்... யாரு சார் இதை மாட்டினது?"

கிளிஃபர்டுக்கு எப்படித் தெரியும்!

"யாரோ... பழைய ஆளு ஒருத்தர்."

"கொலைக் குத்தம் சார் இது! மொத்தமா மாத்தணும். இன்னிக்கே! ரொக்கமாக் குடுத்தா ரசீது கிசீதுன்னு தொந்தரவு இல்லாம முடிச்சிடலாம்."

"நீ இன்னும் மூடியையே திறக்கலையேப்பா?"

"பார்த்தாலே தெரியும் சார். இருபது வருஷ சர்வீஸ்!"

அவனுக்கு வயதே இருபத்தைந்துதான் இருக்கும்.

"உன் கேஸ் லைசென்ஸ் அட்டையைக் காட்டு."

"அது... வேன்ல இருக்கு."

"எடுத்துட்டு வா."

"இந்த வேன்ல இல்லை சார். பழைய வேன்ல..."

கிளிஃபர்டின் முகம் செக்கச் செவேலென்று ஆனது.

"வெளியே போடா! அடுத்தவன் உயிர்ல விளையாடுறியே... பகல் கொள்ளைக்காரா!"

க்ரெய்க் ஓடியே போய்விட்டான்.

பெரில் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"யாரு யாரைச் சொல்றதுன்னு ஒரு வெவஸ்தையே இல்லையாய்யா?"

அவன் காதில் வாங்கவில்லை. போனை எடுத்தான். ஜெஃப்ரி என்று பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு அந்த ஏரியாவின் ஃபேஸ்புக் குழுவுக்குள் புகுந்தான். 'பாய்லர் வேலைக்கு நம்பிக்கையான ஆள் யாராவது உண்டா?' என்று கேட்டான்.

பத்தே நிமிடத்தில் பதினொரு பதில்கள். பதினொன்றிலும் ஒரே பெயர்!

நஸ்ரீன் அக்தர்.

போன் போட்டான். கணீரென்று ஒரு பெண் குரல்.

"ரெண்டு மணிக்கு வர்றேன் ஐயா. என் லைசென்ஸ் நம்பரைக் குறிச்சுக்குங்க. நான் வர்றதுக்குள்ள நீங்களே ஒரு தடவை சரிபார்த்துடுங்க."

சரிபார்த்தான். சரியாக இருந்தது.

இரண்டு மணிக்கு அழைப்புமணி. கிளிஃபர்ட் ஜன்னல் திரையை ஒரு விரலளவு விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தான்.

ஐம்பது வயது. முக்காடு. நீல நிற ஓவரால். உள்ளே காலெடுத்து வைக்கும் முன்பே அட்டையை நீட்டினாள். அதைத் திருப்பியும் காட்டினாள்.

"பின்பக்கத்தைப் படிங்க ஐயா. முன்னாடி போட்டோ மட்டும்தான் எல்லாரும் பாப்பாங்க. எந்த வேலைக்கு அனுமதின்னு பின்னாடிதான் இருக்கும்."

கிளிஃபர்டுக்குப் புல்லரித்தது!

"பெரில்! டீ போடு! நல்ல கப்புல!"

நஸ்ரீன் பாய்லர் முன்னால் குனிந்தாள்.

"நிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் வந்துச்சாம்மா?"

"ஆமாம்மா! வாய் கொப்புளிக்கிற மாதிரி... களக் களக்னு!"

"புரிஞ்சுபோச்சு."

நேராகப் பின்கதவுக்குப் போனாள். திறந்தாள். பூட்டைப் பார்த்தாள்.

நின்றாள்!

கிளிஃபர்ட் முன்வாசல் பக்கம் ஓர் அடி பின்வாங்கினான்.

"இதை யாரு ஐயா நெம்பினது?"

"சா... சாவி தொலைஞ்சு போச்சு. ஆளை விட்டுத் திறந்தோம்."

"பூட்டுக்கும் நல்ல ஆளாப் பாத்திருக்கக் கூடாதா? இப்படிக் கன்னாபின்னான்னு கிழிச்சு வெச்சிருக்கான். சரியான கத்துக்குட்டி!"

பெரில் டீ கப்புக்குப் பின்னால் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். முப்பது வருஷத் தொழிலில் கிளிஃபர்டை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை.

நஸ்ரீன் பின்சுவரில் ஓடிய ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாயைத் தட்டினாள்.

"பாய்லர் கழிக்கிற தண்ணி இது வழியாத்தான் வெளியே போகுது. குளிர்ல உறைஞ்சு அடைச்சுக்கிச்சு. அதான் தானா நின்னுடுச்சு. கெட்டில்ல வெந்நீர் கொண்டாங்க. கொதிக்கக் கூடாது, குழாய் வெடிச்சிடும்."

இரண்டு கெட்டில் ஊற்றினாள். உள்ளே வந்து பட்டனை அமுக்கினாள்.

ஊம்ம்ம்...

பாய்லர் உயிர் பெற்றது! அதோடு விடாமல் ஒரு மீட்டரைச் செருகிப் புகையையும் சோதித்தாள்.

"விஷவாயு பயமே வேண்டாம். நிம்மதியாத் தூங்குங்க."

கிளிஃபர்டின் கண்கள் கலங்கிவிட்டன. எர்னிக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்திருந்தால்...

"எவ்வளவும்மா தரணும்?"

"கெட்டில் தண்ணிக்கெல்லாம் காசா? டீ குடுத்தீங்களே, போதும். முடிஞ்சா அந்தக் குழுவுல நாலு வரி நல்லபடியா எழுதிப் போடுங்க. அதை வெச்சுத்தான் எனக்கு வேலையே வருது."

வேன் தெருமுனையில் திரும்பியதுமே பெரில் பாய்ந்தாள்.

"எழுதித் தொலைக்காதேய்யா! நாம பதுங்கியிருக்கோம்!"

"பேரு பொய்ப் பேரு. அட்ரஸும் கிடையாது. சும்மா வேலை வாங்கிட்டு நாலு வரி எழுதலைன்னா நான் மனுஷனா?"

"நீ திருடன்யா!"

"திருடன்தான். நன்றி கெட்டவன் இல்லை!"

நாலு வரி எழுத உட்கார்ந்து நாற்பது வரி எழுதினான். மனசு நிறையவில்லை. பாய்லரைப் பளிச்சென்று ஒரு படமும் எடுத்துச் சேர்த்தான்.

மாலை ஐந்து மணி. வீடு கதகதப்பாக இருந்தது. பெரில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள். போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

"முப்பத்திரண்டு லைக், பெரில்! பாரு, ஒரு அம்மா ஒரு மணி நேரம் முன்னாடியே விவரமா எழுதியிருக்காங்க..."

பெருமையாக உரக்கப் படித்தான்.

"'நஸ்ரீன் தங்கமான பொண்ணு. நானும் அவங்களைத்தான் கூப்பிடுவேன். ஆனா படத்துல இருக்கிறது என்னோட சமையலறை. நாங்க டெனரிஃப்ல இருக்கோம். நீங்க யாருங்க? இப்படிக்கு... ஹி... ஹிலாரி.'"

முன்கதவில் மணி அடித்தது.

பின்கதவில் யாரோ தட்டினார்கள்.

ஐந்தே நிமிடம்! மரகதங்கள் மேஜையில். விலங்குகள் கைகளில்.

சார்ஜென்ட் ப்ரோட்பென்ட்டின் மூக்கு குளிரில் சிவந்திருந்தது. ரேடியேட்டருக்கு முதுகைக் காட்டி நின்று, "ஆஹா..." என்றார்.

"இந்த முட்டாளைக் கட்டிக்கிட்டேனே!" பெரில் பல்லைக் கடித்தாள். "சார், உங்க ஸ்டேஷன்லயாவது ஹீட்டிங் ஓடுதா?"

"அதை ஏம்மா கேக்கிறே! மூணு நாளா விறைச்சுக் கிடக்கோம். நேத்து ஒருத்தன் வந்தான். அட்வான்ஸ் வாங்கிட்டுப் போனவன் ஆளையே காணோம்."

கிளிஃபர்ட் பதறிப்போனான்.

"யாரு, என்னன்னு விசாரிக்கவே இல்லையா சார்?"

"இல்லையே... பார்க்க நல்லவனாத் தெரிஞ்சான்."

"என்ன சார் நீங்க, போலீஸ்ல இருந்துக்கிட்டு!" விலங்கு மாட்டிய கைகளால் தலையில் அடித்துக்கொண்டான் கிளிஃபர்ட். "நாடு பூரா திருட்டுப் பசங்க சார்!"