ஓத்மாரின் புது பூட்ஸ்

பகல் பன்னிரண்டு மணிக்கே வைஸ்கிராட் சிகரம் காணாமல் போய்விட்டது. மூடுபனி பனியாற்றை விழுங்கி, மலைக்குடிலின் வாசற்படி வரை வந்து நின்றது. குடில்காரி ரெகுலா பக்கச் சுவரிலிருந்த மணிக்கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். மூடுபனி இறங்கினால், கடைசி ஆள் வந்து சேரும்வரை மணி ஓயக்கூடாது.

மேலே போயிருப்பவள் அவள் பெற்ற மகள் வெரீனா. வழிகாட்டியாக இது முதல் வருடம். குடிலில் தங்கி மலையேற வந்திருந்த கெல்லர் டாக்டரை இடுப்புக் கயிற்றில் கட்டி அழைத்துப் போயிருந்தாள்.

யார் வந்தார், யார் வரவில்லை என்பதை வாசலறையிலுள்ள பூட்ஸ் அலமாரிதான் சொல்லும். வெளியே போகிறவர் தன் தட்டில் குடில் செருப்பை விட்டுப் போவார். திரும்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு, பூட்ஸை அங்கே வைப்பார். போன ஆகஸ்டில் இதே மாதிரி மூடுபனி. ரெகுலா கயிற்றை விட்டு ஓடிப்போய் அலமாரியை எட்டிப் பார்த்தாள். எல்லாத் தட்டிலும் பூட்ஸ் இருந்தது. அப்பாடா என்று மணியை நிறுத்திவிட்டாள்.

அன்று அவள் புருஷன் ஓத்மார் புது பூட்ஸ் போட்டுப் போயிருந்தான். தட்டில் இருந்தது பழசு. செருப்பு அதன் பின்னால் ஒளிந்து கிடந்தது.

பனியாறு அவனைத் திருப்பித் தரவே இல்லை. பழைய பூட்ஸை எடுத்துப்போட இன்றுவரை அவளுக்கு மனசு வரவில்லை.

மணி இரண்டு. தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. பாழாய்ப்போன மூடுபனி அசையவில்லை.

வாசல் பக்கம் யாரோ பூட்ஸிலிருந்த பனியைத் தட்டினார்கள்.

டக். டக். டக்.

"வெரீனா?"

ஈரக் கம்பளி வாடை வந்தது. கூடவே புகையிலை வாடை. ஓத்மாரின் புகையிலை.

போய்ப் பார்க்க வேண்டுமென்றால் கயிற்றை விட வேண்டும்.

அவள் விடவில்லை.

கதவு திறந்து, மூடியது.

சற்று நேரத்தில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. ரெகுலா ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள்.

"நல்ல ஆளுங்க வச்சிருக்கீங்கம்மா!" என்றார் டாக்டர். "உங்க மணியும், முன்னால நடந்த அந்த வழிகாட்டியும் இல்லேன்னா பனிப்பிளவுக்குள்ள போயிருப்போம். ஆனா ஆளு சரியான முசுடு. வழி பூரா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாரு."

"என்ன சொன்னாரு?"

"'இன்னைக்கு அவ நிறுத்தமாட்டா'ன்னாரு."

வெரீனா அம்மாவின் காதருகே குனிந்தாள். "நான் முகத்தைப் பாக்கலம்மா. பயமா இருந்துச்சு. ஆனா நடை தெரிஞ்சுது."

மூவரும் வாசலறைக்குள் வந்தார்கள். பழைய பூட்ஸ் தரையில் கிடந்தது. ஓத்மாரின் தட்டில் புது பூட்ஸ். அதன் மடிப்புகளில் இறுகிய பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

செருப்பைக் காணோம்.

உள்ளே, கணப்படுப்புப் பக்கம், தேய்ந்த செருப்பு நடந்தது. சரக், சரக். ரெகுலாவுக்கு ஓடிவிடவும் தோன்றியது, உள்ளே ஓடி அவனிடம் அழவும் தோன்றியது.

சத்தம் நடந்து வந்து, உள்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.