ஒரு படி முன்னே

கோகிலவாணி டீ டம்ளரை மேசைமேல் வைப்பதற்குள், எதிர்ச்சுவரில் இருந்த அவளுடைய உருவம் வைத்து முடித்திருந்தது.

அசதி என்று நினைத்துக்கொண்டாள். ஆறு நாள் சிரித்து, வணக்கம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமையும் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தால் கண் எதைத்தான் சரியாகக் காட்டும்? நாளைக்கு முதலாளிகள் வருகிறார்கள். அதுவரை விளக்குச் சுவர் அணையாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மேலாளர் பிரபாகர் சொல்லிவிட்டார்.

நல்லம்பள்ளி தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த அந்த விதைக் கம்பெனியின் சுவர் முழுக்கக் கடுகளவு பச்சை விளக்குகள். எதிரே யார் நின்றாலும் அவை நாற்று முளைப்பதுபோல் எரிந்து, அந்த ஆளின் வடிவத்தில் கூடும். நடந்தால் நடக்கும். கை தூக்கினால் தூக்கும். மேலே கம்பெனியின் வாசகம்: 'எப்போதும் ஒரு படி முன்னே'. வருகிறவர்கள் நின்று செல்ஃபி எடுப்பார்கள். "நம்ம பிராண்டே இதுதாங்க" என்று பிரபாகர் பூரித்துப்போவார்.

மணி மூன்றுதான் என்றாலும் வெளியே மழை கறுத்துக் கட்டிக்கொண்டு பெய்தது. கண்ணாடியில் நீர் வழியும் சத்தம், ஏசியின் சில்லிப்பு, கிடங்கிலிருந்து கசிந்துவரும் விதைமருந்தின் கசப்பு நெடி, இவற்றுக்கெல்லாம் அடியில், காதுக்குள் கொசு சிக்கியதுபோல, சுவரின் ஓயாத ரீங்காரம்.

கையைத் தூக்கிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். உருவம் தூக்கியது. பிறகுதான் அவள் தூக்கினாள்.

கேட்டிலிருந்த காவலாளி கருப்பண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இது நமக்கு முன்னாடியே அசையுதுங்க. பாருங்க."

"மழைக்குக் கரண்டு ஏறி எறங்குதும்மா. ஆஃப் பண்ணிரட்டுமா?"

"சார் கத்துவாருங்க."

அவர் சிரித்தார். அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்க, சுவரில் அவருடைய உருவம் கதவுப் பக்கம் போய், கால் வழுக்கி, விழுந்தது. கோகிலவாணி வாயைத் திறப்பதற்குள் அவரும் கதவுப் பக்கம் போனார். ஈரத் தரையில் கால் வழுக்கி விழுந்தார். "வழுக்குது பாரும்மா" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே குடையோடு வெளியேறினார்.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். வேலை போய்விடும். உட்கார்ந்தே இருந்தாள்.

சுவரில் இருந்தவள் எழுந்தாள். நடுக்கூடத்துக்கு வந்தாள். காதில் எதையோ வைத்தாள். போன். சற்று நேரம் அசையாமல் கேட்டாள். பிறகு அவளுடைய முழங்கால்கள் மெதுவாக மடிந்தன. நெற்றி தரையில் முட்டியது. தோள்கள் குலுங்கின.

கோகிலவாணியின் போன் மேசையில் சத்தமில்லாமல் கிடந்தது.

காலையில் கணவன் மாதவராஜ் எட்டு வயது மகள் மேகலையை வண்டியின் முன்னால் உட்காரவைத்து, பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போயிருந்தான். அவனை அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். எடுக்கவில்லை.

போனைக் கீழே வைத்தாள். அது அடித்தது.

மாதவராஜ்.

எடுக்கக் கை போனது. இழுத்துக்கொண்டாள். எடுத்தால்தானே கேட்க வேண்டும். கேட்டால்தானே நடந்ததாகும். பின்வாங்கி, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, நடுக்கூடத்தில் நின்றாள்.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"நான் எடுக்கல. பாத்தியா? எடுக்கல" என்றாள் சுவரைப் பார்த்து.

சுவரில் இருந்தவள் எழவில்லை. தரையிலேயே கிடந்தாள்.

அப்போது சுவரின் ஓரத்தில், கதவு இருக்கும் பக்கமாக, கொஞ்சம் விளக்குகள் முளைத்தன. சின்ன உருவம். இடுப்பளவு உயரம். ஒரு காலை இழுத்து இழுத்து வந்தது. கிடந்தவளின் அருகில் நின்றது. அவள் தலைமேல் கை வைத்தது.

கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு தானாக விலகும் ஓசை. மழையின் இரைச்சல் உள்ளே வந்தது. ஈரமண் வாடை. பெட்ரோல் வாடை.

அவள் திரும்பவில்லை.

தரையில் ஒரு ஈரக் காலடி. பிறகு ஓர் இழுப்பு. ஒரு காலடி. ஓர் இழுப்பு.

முழங்கால்கள் மடிந்தன. நெற்றி தரையைத் தொட்டது.

உச்சந்தலையில் ஐந்து குட்டி விரல்கள், ஒவ்வொன்றாக, சில்லென்று பதிந்தன.