‘வேண்டாம்’ என்றால் என்ன அர்த்தம்?

“அருவிப் பக்கமாத்தான் போறேன். வர்றீங்களா?”

படகில் நின்றபடி கேட்டார் தோமாஷ். போலந்திலிருந்து அயர்லாந்துக்கு வந்து, ஏரியின் அக்கரையில் உள்ள ஆட்டுப் பண்ணையில் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவர்.

அம்மாவோடும் தம்பியோடும் கரையில் நின்ற நூலாவின் மனசு துள்ளியது. அக்கரையில் அருவி வெள்ளை வெளேரென்று கொட்டிக்கொண்டிருந்தது. மழையில் மரப்பாலம் உடைந்துவிட்டதால் நடந்து போக வழியில்லை. தம்பி ரோனனோ, அருவிக்குப் பின்னால் நின்று கத்த வேண்டும் என்று ஒரு வாரமாக வீட்டிலேயே கத்திப் பழகியிருந்தான்.

“ஐயோ, வேண்டாம் வேண்டாம்! உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றாள் அம்மா.

“சரிங்க” என்று தோமாஷ் துடுப்புப் போட்டார். படகு நகர்ந்தது.

அம்மா திகைத்துப் போனாள். “என்ன மனுஷன்! இன்னொரு தடவை கேக்க மாட்டாரா?”

“நீதானேம்மா வேண்டாம்னு சொன்னே?” ரோனனின் உதடு பிதுங்கியது.

“எடுத்த உடனே சரின்னு சொன்னா, எப்படா கூப்பிடுவாங்கன்னு காத்திருந்த மாதிரி இருக்காதா? மூணாவது தடவைதான்டா சரின்னு சொல்லணும்.”

“அப்போ இப்பக் கூப்பிடு.”

“நானா? மானம் போயிடும்!”

நூலா கரையோரமாக ஓடினாள். நீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறையின் மேல் ஏறிக் கைகளை ஆட்டினாள்.

“தோமாஷ்! நில்லுங்க! அம்மாவுக்கு வரணும்னு ஆசைதான்!”

“வேண்டாம்னு சொன்னாங்களே?”

“எங்க ஊர்ல முதல் ‘வேண்டாம்’னா சும்மா மரியாதைக்கு. ரெண்டாவது ‘வேண்டாம்’னா, இன்னொரு தடவை கேளுங்கன்னு அர்த்தம்.”

“மூணாவது?”

“மூணாவது கிடையாது. அதுக்குள்ள படகுல ஏறியிருப்போம்.”

தோமாஷ் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அடடா! பக்கத்து வீட்டம்மாகிட்ட காபி வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னாங்க, விட்டுட்டேன். அன்னையிலேருந்து என்னைப் பாத்தாலே முறைக்கிறாங்க!”

படகு திரும்பியது.

“வாங்கம்மா” என்றார்.

“ஐயோ, வேலைக்குப் போறவரை எதுக்கு...”

“சும்மா வாங்க.”

“பரவாயில்லை, நீங்க கிளம்புங்க.”

தோமாஷ் ஓரக்கண்ணால் நூலாவைப் பார்த்தார். அவள் ரகசியமாகத் தலையாட்டினாள்.

“நீங்க வராம இந்தப் படகு நகராதும்மா!”

“இவ்வளவு தூரம் சொல்றீங்க, எப்படி மறுக்கிறது?” என்றாள் அம்மா. அவளுடைய ஒரு கால் ஏற்கெனவே படகில் இருந்தது.

நடு ஏரியில் தோமாஷ் சொன்னார்: “எங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான். அதுக்கு மேல கேட்டா தொந்தரவு.”

“அப்படியா!” என்று அம்மா அதை மனசில் குறித்துக்கொண்டாள்.

அருவிக்குப் பின்னால் நின்று ரோனன் தொண்டை கிழியக் கத்தினான். ஒருவர் காதிலும் விழவில்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அம்மாவின் சத்தம்தான் அதிகம். தலையிலிருந்து கால்வரை நனைந்து, சிரித்துக்கொண்டே பாறையில் வந்து உட்கார்ந்தார்கள்.

அம்மா டப்பாவைத் திறந்தாள். “தோமாஷ், ஆப்பிள் கேக் சாப்பிடுங்க.”

தோமாஷுக்கு நல்ல பசி. ஆனால் இப்போது அவருக்கு ஊர் வழக்கம் தெரியுமே! “ஐயோ, வேண்டாம் வேண்டாம்” என்றார்.

“சரிங்க” என்று அம்மா டப்பாவை மூடினாள். அவளுக்கும் இப்போது போலந்து வழக்கம் தெரியுமே!

தோமாஷின் முகம் தொங்கிப்போனது.

“ரெண்டு பேரும் ஒரே நாள்ல மாறினா எப்படி?” நூலா டப்பாவைப் பிடுங்கித் திறந்து, பெரிய துண்டாகப் பார்த்து அவர் கையில் வைத்தாள்.

இரண்டாவது துண்டை, யாரும் கேட்பதற்கு முன்பே தோமாஷ் எடுத்துக்கொண்டார்.