ஐந்தாவது அடி

நேற்று உதயகலா நாலு தாள அடியில் வெட்டி வைத்த ஒலித்துண்டு, இன்று பின்னேரம் மடிக்கணினியைத் திறந்தபோது ஐந்து அடிக்கு நீண்டிருந்தது. கணினியில் இசை செய்யப் பழகத் தொடங்கி மூன்று மாதந்தான் ஆகிறது, அதனால் முதலில் தன் கையைத்தான் சந்தேகித்தாள். பிறகு புருஷனை. அவள் பாட்டை "டொம் டொம்" என்று நக்கலடிக்கிறவன் நிருஷன். அவளைத் தவிரக் கடவுச்சொல் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

அந்தத் துண்டு, பக்கத்து வீட்டு இராசமலரின் செத்தவீட்டில் களவாகப் பிடித்தது. அங்கே அடித்த வெண்கலச் சேமக்கலத்தின் கணீர் ஒலிக்குக் கீழே ஒரு தாளத்தை ஓடவிட்டால் எப்படியிருக்கும் என்று அவளுக்கு ஆசை. சுற்றிவரச் சனம் அழ, கைப்பைக்குள் கைபேசியை ஓடவிட்டபடி இருந்தாள். வெளிக்கிடும் நேரம் நாலு வயது மகள் தனுஷிகா, அம்மா பழக்கிய பழக்கத்தில், பெருவிரல்கள் சேர்த்துக் கட்டிக் கிடந்த பிரேதத்தைப் பார்த்து, "அன்ரி, போட்டு வாறன்" என்றாள். செத்தவீட்டில் யாரும் விடைபெறுவதில்லை, பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும். உதயகலா பதறிப்போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்தினாள், ஆனால் சொல் போய்விட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் இராசமலரின் தம்பி வீட்டைப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டான்.

ஹெட்போனை மாட்டி ஓடவிட்டாள். சேமக்கலம் மூன்று முறை ஒலித்தது. நாலாவது அடியில் மகளின் குரல்: "அன்ரி, போட்டு வாறன்." அதை நேற்றே வெட்டி எறிந்திருந்தாள். ஐந்தாவது அடியில், சளி கட்டியது போல ஒரு பெண் குரல்.

"ஓம் பிள்ளை. எப்ப வருவாய்?"

காங்கேசன்துறையில் வேலையில் நின்ற நிருஷனுக்கு உடனே அழைத்தாள்.

"என்ரை பாட்டிலை கை வைச்சனீங்களே?"

"இஞ்சை மூச்சுவிட நேரமில்லை. ஏனப்பா?"

"பொம்பிளைக் குரல் ஒண்டு சேர்த்திருக்கிறியள்."

"உமக்கென்ன விசரே? நீர்தானே லப்டொப்பை அலுமாரிக்கை வைச்சுப் பூட்டினனீர். திறப்பும் உம்மட்டைத்தான் கிடக்கு."

திறப்பு அவளிடம்தான் கிடந்தது. ஆனாலும் அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதைப்பதாகவே அவளுக்குப் பட்டது. வரட்டும், இண்டைக்கு இருக்கு அவருக்கு. துண்டை அழித்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மின்விசிறி கறக் கறக்கென்று சுற்ற, தனுஷிகா வாய் திறந்தபடி நித்திரை. பிள்ளையின் நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது அழித்த துண்டு திரையில் இருந்தது. இப்போது முழுத்திரைக்கும் நீண்டு கிடந்தது.

மாட்டினாள். ஓடவிட்டாள்.

சேமக்கலம் இல்லை. கறக் கறக். அவர்களுடைய மின்விசிறி. அதற்குள் ஒரு சின்ன மூச்சு, தூங்குகிற பிள்ளையின் மூச்சு. ஊதுபத்தி மணத்தது. ஒலியில் மணம் வருமா? பிறகு அந்தக் குரல், இம்முறை மிகக் கிட்ட.

"எழும்பு பிள்ளை. அம்மாவின்ரை காது மூடியிருக்கு. மெல்ல வா."

கட்டில் கிரீச்சிட்டது.

வெறுங்கால்கள். சீமெந்து நிலம்.

கொண்டி விலகும் ஓசை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். ஓடினாள். கட்டில் வெறுமை. பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வேலியில் ஓட்டையாய்க் கிடந்த பொட்டுக்குள்ளால் புகுந்து, முள் கிழிக்க, இராசமலரின் முற்றத்துக்கு வந்தாள். கதவில் பூட்டு தொங்கியது. போட்டது போட்டபடி.

"தனு!"

ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால், மூடிய வீட்டின் அரையிருட்டில், தனுஷிகா கதிரையில் முதுகு காட்டி இருந்தாள். கால்கள் நிலத்தில் முட்டாமல் ஆடின. அவள் திரும்பவில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகள், பெருவிரல்கள் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்ட கைகள், அவசரமில்லாமல் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தன.