ராட்சசன் வெளியே போயிருக்கிறான்

சோதனைக்கு வந்த இருபது பிள்ளைகளும், படத்தில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைத்தான் அதிகமாகத் தொட்டிருந்தார்கள்.

சின்னஞ்சிறுசுகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. ராட்சசன் வெளியே போயிருக்கிறான். அவன் வீட்டில் ஐந்து பிள்ளைகள் ஒளிந்திருக்கிறார்கள். பீப்பாய்க்குப் பின்னால் ஒருவன், திரைக்குப் பின்னால் ஒருத்தி என்று தேடித் தொட்டால், ஒன்று, இரண்டு என்று எண்ணும். எங்கெங்கே தொட்டார்கள் என்பதைக் கம்ப்யூட்டர் சிவப்புப் புள்ளிகளாகக் குறித்து வைக்கும். அந்தப் புள்ளிகள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே, சும்மா இருட்டாகத் தீட்டிவிட்டிருந்த மூலையில், ஈ மொய்த்த மாதிரி கிடந்தன.

விளையாட்டை வடிவமைத்தது ஒரு பெண். முன்பு மழலையர் பள்ளியில் வேலை பார்த்ததால் ஆபீசில் எல்லோருக்கும் அவள் டீச்சர். அவள், விளையாட்டுக்குப் படம் வரைந்த பெண்ணைக் கூப்பிட்டாள்.

"இந்த மூலையில முதல்ல ராட்சசன வரைஞ்சு அழிச்சியா?"

"அவன நான் வரையவே இல்லையே டீச்சர். பிள்ளைங்க பயப்படும்னு நீங்கதானே அவன வேணாம்னீங்க?"

உண்மைதான். இந்த விளையாட்டுக்கு எடுத்துக்கொண்ட பழைய கதையில் ராட்சசன் வீடு திரும்புவான்; ஒளிந்திருக்கும் பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துத் தின்பான். கதையே அதுதான். ஆனால் பாம்பின் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்பது முதலாளியின் கொள்கை. அவளும் பிடுங்கிவிட்டாள். அவனுடைய கட்டில், கிண்ணம், செருப்பு எல்லாம் படத்தில் இருந்தன. அவன் மட்டும் இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. குழந்தை தொட்ட இடம் சும்மா இருக்கக் கூடாது. ஆடவோ பாடவோ திறக்கவோ வேண்டும். அந்த விதியை நம்பித்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

"அங்க ஒரு கதவு வச்சுடு," என்றாள் புரோகிராமரிடம். எந்நேரமும் கொட்டாவி விடுவதால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்.

"உள்ள என்ன டீச்சர் வைக்கணும்?"

"ஒண்ணும் வேணாம். தொட்டா திறக்கணும், மூடணும். அவ்வளவுதான்."

"உள்ள ஒண்ணும் இல்லன்னா பிள்ளைங்க ஏமாந்துடுமே?"

"உன்ன மாதிரி எல்லாத்துக்கும் கேள்வி கேக்காதுங்க. வை."

சனிக்கிழமை காலை மறுபடி சோதனை. ஏழு பிள்ளைகள். ஆள் குறைந்ததால் தன் நான்கு வயது மகளையும் கூட்டி வந்திருந்தாள். அவளே மகளை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து, தலைக்குப் பொருந்தாத பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டாள். வழக்கமாகச் சோதனை முடிந்தால் பிள்ளைகள் சந்தைக்கடை மாதிரி கத்திக்கொண்டு வெளியே ஓடிவரும். அன்று ஏழும் சத்தமில்லாமல் வந்து அவரவர் அம்மா அப்பா கையைப் பிடித்துக்கொண்டன. "நல்லா இருந்துச்சாடி குட்டி?" என்று கேட்டதற்கு மகள் "ம்" என்றதோடு சரி. வாயாடி இன்று வாயைப் பூட்டிக்கொண்டாளே என்று மனசுக்குள் ஏதோ நமைத்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டில் மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பதிவுகளைப் பார்க்க ஆபீசுக்குத் திரும்பினாள்.

மத்தியான நேரம். கண்ணாடி ஜன்னலில் வெயில் வெள்ளையாக அடித்தது. ஏசி ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. சூடான ஒயரின் வாசனை மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து மூக்கை அரித்தது. கேமரா பிள்ளைகள் செய்வதையும் பேசுவதையும் மட்டும் பதிவு செய்யும். ஹெட்போனில் கேட்டது அதில் வராது.

முதல் பையன் கதவைத் தொட்டான். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான்.

"மூணாவது மாடி," என்றான். பிறகு, "பச்சைக் கதவு." பிறகு, "எனக்கு எட்டாது. அப்பாதான் திறப்பாங்க."

அவள் சிரித்தாள். இந்த வயதில் தனக்குத்தானே பேசிக்கொள்வது சகஜம். அடுத்த சிறுமியும் கதவைத் தொட்டாள். "நாலு பேர்," என்றாள். சற்றுப் பொறுத்து, "இல்ல, அப்பா ஊர்ல இல்ல," என்றாள். டீச்சரின் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஓர் இடைவெளி இருந்தது. ஒரு கேள்வி கேட்கும் நேரம்.

"கதவுக்கு ஏதாவது குரல் போட்டியா?"

"திறக்குற சத்தம் மட்டும்தான் டீச்சர்." தூங்குமூஞ்சி ஹெட்போனை மாட்டிக் கதவைத் திறந்து பார்த்தான். அவளும் கேட்டாள். கிரீச் என்று திறந்தது. மூடிக்கொண்டது. வேறொன்றும் இல்லை.

ஏழாவது, மகள்.

"மூணு பேர். அம்மா, சித்தி, நான்." இடைவெளி. "அம்மா ஆபீசுக்குப் போயிடுவாங்க." இடைவெளி. "கட்டிலுக்கு அடியில."

மூன்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தவள் தலையாட்டினாள். நான்காவது விரலும் மெல்ல நிமிர்ந்தது. யாரோ பிடித்து நிமிர்த்துவது போல நிமிர்ந்தது.

"நாலு," என்று சமத்தாகச் சொன்னாள் மகள்.

அவள் உடனே தங்கைக்குப் போன் செய்தாள். மணி அடித்து, அடித்து, எடுக்கப்பட்டது.

"அம்மா," என்று மகளின் குரல் கிசுகிசுத்தது. "பேசாதம்மா."

போன் துண்டிக்கப்பட்டது.

அவள் ஓடினாள். கைப்பையை எடுக்கவில்லை. தெருவில் ஒருவர் குழாயால் காரைக் கழுவிக்கொண்டிருந்தார், ஒரு பெண் மாடியில் துணி உதறிக்கொண்டிருந்தாள், எல்லாம் எல்லா நாளையும் போலவே இருந்தது, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளையை நானே உட்காரவைத்தேன், நானே மாட்டிவிட்டேன் என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே இரண்டு மாடி ஏறினாள்.

கதவு தாழிடாமல் கிடந்தது.

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தங்கையின் செருப்பு ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. நனைந்த மண்ணும் பழைய தோலும் கலந்த ஒரு வாடை, மழையே இல்லாத அந்த வெயிலில், சுவர் முழுக்க ஏறியிருந்தது. சமையலறையில் குழாய் திறந்தபடி ஓடியது. யாரும் இல்லை.

படுக்கையறை. திரை இழுத்துவிட்டிருந்தது. மங்கல். அவள் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

மகள் சுவரோடு ஒட்டிக் குப்புறப் படுத்திருந்தாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. உதட்டில் விரல்.

"வாடி கண்ணு, வெளிய வா. சித்தி எங்க?"

"சித்திய எண்ணியாச்சும்மா."

கூடத்தில் தரை அதிர்ந்தது. ஓர் அடி. நின்றது. இன்னோர் அடி. வாசல் அந்தப் பக்கம்தான். வேறு வழி இல்லை. மகளின் சின்னக் கை அவள் சட்டையைப் பற்றி உள்ளே இழுத்தது. அவள் ஊர்ந்து உள்ளே போனாள். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து, அதன் வாயைப் பொத்தினாள். பிஞ்சு இதயம் படபடவென்று அவள் உள்ளங்கை வரை அடித்தது.

வாடை உள்ளே வந்தது.

திரையடியில் கசிந்த வெளிச்சம் மறைந்தது.

கட்டில் முனகியது. தலைக்கு மேலே பலகை வளைந்தது. மெல்ல. அவள் முடியைத் தொட்டது. முதுகைத் தொட்டது. இன்னும் இறங்கியது. மூச்சு விட இடமில்லை. மூச்சு விடவும் இல்லை.

கட்டிலின் ஓரமாக ஒரு விரல் இறங்கியது. நீளம். ஒரு முழத்துக்கு மேல் நீளம். தரையைத் தடவியது. சுவரைத் தடவியது. திரும்பியது. மகளின் உச்சந்தலையில் வந்து, வலிக்காமல், மெத்தென்று நின்றது.

"ரெண்டு," என்றது மேலே இருந்து.