ஆறாவது கிண்ணம்

மணி நான்காவது முறையாக அடித்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. உள்ளே படுத்திருப்பவருக்கு மூக்கோரத்தில் ஒரு பயறு அளவுப் புண். இரண்டு தடவை வெட்டினால் தீர்ந்துவிடும், மிஞ்சிப்போனால் மூன்று என்று காலையில் டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். ஆறு வருஷமாக இந்த ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கிறாள். நான்காவது மணி கேட்ட நாட்களை எண்ண ஒரு கை போதும்.

அவள் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. தோலில் புற்றுநோய் வந்த இடத்தை டாக்டரம்மா மெல்லிய ஏடாகச் சீவி எடுப்பார். மேல்பக்கம் எது என்று குறி போட்ட தாளில் அதை வைத்து, எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி, சுவரிலிருக்கும் சின்ன ஜன்னலில் வைத்து மணி அடிப்பார்கள். அவள் அதை நடைவழியின் கோடியிலிருக்கும் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். லேப்காரர் அதை உறைய வைத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஓரம் ஓரமாகப் பார்த்து, நோய் இன்னும் ஒட்டியிருக்கும் இடத்தை மட்டும் ஒரு படத்தில் சிவப்புப் பென்சிலால் குறித்துக் கொடுப்பார். அந்த இடத்தில் மட்டும் மறுபடி ஒரு ஏடு. நல்ல சதையில் கத்தி படாது. அதுதான் இந்த வைத்தியத்தின் பெருமை.

இன்றைக்கு உள்ளே படுத்திருப்பவர் அவளுடைய வீட்டுக்காரர். இருபது வருஷம் உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்தவர். அத்தனை வெயிலும் மூக்கோரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. ராத்திரி ஷிப்ட் நின்ற காலோடு பகலுக்கும் நின்றுவிட்டாள்.

காலையில் முதல் கிண்ணத்திலேயே அது நடந்தது. அவளே துடைத்த ஈரத் தரை. கால் வழுக்கியது. மூடி உருண்டது. தாள் ஒரு பக்கம், ஏடு ஒரு பக்கம். நடைவழியில் ஆளில்லை. வெறுங்கையால் எடுத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. எது மேல், எது கீழ்? நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கூட்டக் கற்றவள். தாளிலிருந்த ‘மேல்’ என்பதை இரண்டு தடவை வாசித்தாள். தாளை வாசிக்க முடிந்தது, தோலை வாசிக்க முடியவில்லை. குத்துமதிப்பாக வைத்து மூடினாள்.

சொன்னால் அன்றைக்கே வேலை போய்விடும். சொல்லாவிட்டால் டாக்டரம்மா தப்பான பக்கம் வெட்டுவார், நோய் இருந்த இடத்திலேயே இருந்து வீட்டுக்காரரைத் தின்னும். இரண்டும் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம், கொஞ்சம் உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டாவது கிண்ணம் சற்றுக் கனத்தது. மூன்றாவது இன்னும் கனத்தது. மூடியைத் திறந்த லேப்காரர் புருவத்தைத் தூக்கினார்.

“என்ன எக்ஸ்பிரஸ், உன் வீட்டுக்காரருக்கு இருக்கிறது மூக்கா, மைதானமா?”

அவள் நடைக்கு அவர் வைத்த பேர் அது. அவளும் சிரித்து வைத்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. இடது கன்னம் அசையவில்லை.

ஒவ்வொரு ஏட்டுக்கும் நடுவே கட்டுப் போட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள்; வீட்டுக்காரர் பெஞ்சில் காத்திருந்தார். வெட்டியதையெல்லாம் சேர்த்தால் உள்ளங்கை அளவு வரும். மூக்கோரத்துக் கட்டோ கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல. நீ ஏன் வாயைக் கோணிக்கிட்டுப் பேசறே? போய்த் தண்ணி குடி.”

குடித்தாள். தண்ணீர் கடைவாய் வழியே ஒழுகிக் கழுத்தை நனைத்தது. மரக்கிற ஊசி போட்ட மாதிரி உதடு மரத்துக் கிடந்தது. சொல்லிவிடலாமென்று டாக்டரம்மாவின் கதவு வரைக்கும் போய்க் கை வைத்தாள். இவர் இனிமேல் வெயிலில் ஏறக் கூடாது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் இனி அவள் கால்கள்தான். கையை எடுத்துவிட்டாள்.

அப்புறம்தான் அந்த நான்காவது மணி.

ஸ்பிரிட் வாடையும் ஈரத் துடைப்பத்தின் புளித்த வாடையும் கலந்து நிற்கிற நடைவழியில், தலைக்கு மேலே டியூப்லைட் ஈ மாதிரி ரீங்கரிக்க, கோடியில் லேபின் பிரிட்ஜ் உறுமி உறுமி அடங்க, அவள் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாற்பது அடித் தூரத்தை நாற்பது மைல் மாதிரி நடந்தாள். உள்ளே ஏதோ மெத்தென்று இடம் மாறிப் படுத்தது. திறந்து பார்க்கவில்லை.

ஐந்தாவதை லேப்காரர் வாங்கிக்கொண்டார். அவளை ஒரு தரம் பார்த்தார். கிண்டல் இல்லை.

“புதுசாம்மா நீங்க? எக்ஸ்பிரஸ் எங்க போச்சு?”

நான்தான் என்று சொல்ல நாக்கைத் தூக்கினாள். எழும்பவில்லை. அவர் அதற்குள் திரும்பிக்கொண்டார்.

ஆறாவது மணி.

இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. சூடு. மூடியின் விளிம்பு பனித்திருந்தது. மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி.

கதவு திறந்தது. வீட்டுக்காரர் வந்தார். பின்னாலேயே டாக்டரம்மா. போன ஏட்டிலேயே சுத்தமாகிவிட்டது, நல்ல சதை ஒரு துளிகூட வீணாகவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் இது?

வேலை போனால் போகட்டும். சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். இப்போதே. வீட்டுக்காரரை நோக்கி நடந்தாள்.

அவர் ஒதுங்கி வழிவிட்டார். முன்பின் தெரியாதவர்களுக்கு விடுவது போல. அவள் நகராததைப் பார்த்து நிமிர்ந்தார். உடனே பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார். யாருடைய ஊனத்தையோ உற்றுப் பார்த்துவிட்ட கூச்சம் குரலில் இருந்தது.

“ஏங்கம்மா, என் வீட்டுக்காரி இங்கதான் வேலை பாக்குது. பாத்தீங்களா?”

வாயைத் திறக்கப் பார்த்தாள். திறப்பதற்கு அங்கே வாயே இல்லை.

கையிலிருந்த கிண்ணத்தின் மூடி மெல்ல அசைந்தது. உள்ளேயிருந்து, அவளுடைய குரலில், ரொம்ப அலுப்பாக:

“இங்கதாங்க இருக்கேன்.”